நல்ல நாளில் உட்காருங்கள்

வலியோடு அடுப்படியில் நிற்கும் அக்கா தங்கைகளுக்கு,

பாட்டிமார் சரவாங்கி என்று சொன்ன முடக்குவாதக்காரர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள், இடுப்புவலிக்காரர்கள், சிக்குன்குனியா காய்ச்சல் இறங்கி மாதக்கணக்கில் ஆகியும் கணுக்கால் வலி இறங்காதவர்கள், எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கடைசியில் சொன்னவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை, அல்லது விட்டுவிட்டுத் திரும்ப வரும் வலியை, மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. வேறு நோய் எதையும் காரணமாகக் காட்ட முடியாத வலியும் அந்தப் பிரிவில் நோயாகவே எழுதப்பட்டிருக்கிறது. ‘உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசு’ என்பவர்களோடு இதை வைத்துச் சண்டை போட வேண்டாம். அதற்கெல்லாம் நம்மிடம் தெம்பு கிடையாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நான் டாக்டர் இல்லை. சரவாங்கிக்காரி. மாத்திரை வாங்கும் வரிசையில் உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசியதும், தேடிப் படித்ததும்தான் என் கையிருப்பு. அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாரும் சொல்கிற கதை ஒன்றுதான். தேதியும் ஊரும்தான் மாறும்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும். காலையில் எழுந்தால் அதிசயமாக விரல் மடங்குகிறது, முழங்கால் முனகவில்லை. உடனே மனசு துள்ளும். இத்தனை நாள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த ஃபேன் தூசி, பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரம், ஊறப்போடாமல் வைத்திருந்த போர்வை, எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். மத்தியானம் நாத்தனார் வந்துவிடுவாள், முறுக்கு மாவு பிசைந்தாயிற்று. முறுக்கு அச்சை இரண்டு கையாலும் அழுத்திப் பிழியும்போது விரல் கணுக்கள், மணிக்கட்டு, தோள்பட்டை மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. சிரிப்பும் பேச்சுமாக இரண்டு படி மாவும் தீர்ந்துவிடும். அப்போது வலி தெரியவே தெரியாது. இராத்திரி பத்து மணிக்குத் தெரியும். மறுநாள் டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் காப்பி குடிக்க முடியும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கை தலைக்கு எழும்பாது. அப்புறம் ஒரு வாரம் படுக்கை. படுத்துக் கிடக்கும்போது செய்யாமல் விட்ட வேலைகள் சேர்கின்றன. அடுத்த நல்ல நாள் வந்ததும் அந்தப் பாக்கியையும் சேர்த்துச் செய்கிறோம்.

வலி கூடின நாளில் நாம் யாரும் உடம்பைக் கெடுத்துக்கொள்வதில்லை, கெடுத்துக்கொள்ள முடியாது. கெடுப்பது வலி குறைந்த நாள். நான் இந்த மடலில் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முறுக்கு பிழியும்போது வலி ஏன் தெரியவில்லை? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு பேர் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். அடிபட்ட இடத்திலிருந்து வரும் சேதி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை, வழியில் தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருக்கிறது, மூளையே மேலிருந்து அதை அடக்கிவைக்கவும் முடியும் என்றார்கள். நுணுக்கங்களில் பிற்பாடு திருத்தம் வந்தாலும் அடிப்படை நின்றுவிட்டது. கவனம் வேறிடத்தில் இருந்தால், மனசு சந்தோஷமாக இருந்தால், வலி அமுங்கும். நாத்தனாரோடு சிரித்தது அந்த மத்தியானத்துக்கு உண்மையிலேயே மருந்துதான். ஆனால் விரல் கணுவில் ஏறிய சுமை அமுங்கவில்லை. இன்னொரு பக்கம், வருஷக்கணக்கில் வலித்த உடம்பில் நரம்புகள் கூர்மையாகிப்போய்ச் சின்ன வேலைக்கும் பெரிதாகக் கத்துகின்றன. வலி ஒரு நாள் சொல்ல வேண்டியதைச் சொல்லாது, ஒரு நாள் இல்லாததையும் சேர்த்துச் சொல்லும். அதைக் கேட்டு வேலையை நிறுத்துவதும் தொடங்குவதும் சரிப்படாது.

அப்படியானால் எதைக் கேட்பது? கடிகாரத்தை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். நாள்பட்ட வலிக்காரர்களைப் பற்றி 1976-இல் அவர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் பெரிய பேர் வாங்கியது. அவர் கவனித்தது இது: வலிக்கிறவரை வேலை செய்கிறோம், வலித்ததும் படுக்கிறோம், படுத்ததும் சுகமாக இருக்கிறது. ஆக ஓய்வு என்பது வலிக்குக் கிடைக்கிற பரிசாகிவிடுகிறது. அவர் முறையை மாற்றினார். இவ்வளவுதான் வேலை என்று முன்கூட்டியே அளவு வைத்துக்கொள். வலிக்கிறதோ இல்லையோ அந்த அளவு முடிந்ததும் ஓய்வெடு. ஓய்வை வேலையின் அளவோடு முடிச்சுப் போடு, வலியோடு போடாதே. இன்றைக்கு பிசியோதெரபிஸ்ட்கள் ‘பேசிங்’ என்று சொல்லிக்கொடுப்பதில் பாதி இதுதான்.

நம் வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஒரு வாரம் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். நின்று வேலை செய்ய ஆரம்பித்து எத்தனை நிமிஷத்தில் வலி கூடத் தொடங்குகிறது? தாங்க முடியாமல் போகிற நேரத்தை எழுதாதீர்கள், கூடத் தொடங்குகிற நேரத்தை எழுதுங்கள். நல்ல நாளில் 30 நிமிஷம், சுமாரான நாளில் 20, மோசமான நாளில் 10 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20. அதிலும் கொஞ்சம் குறைத்து 15 நிமிஷத்தில் தொடங்குங்கள். செல்போனில் அலாரம். அடித்ததும், கையில் கரண்டி இருந்தாலும், வலி துளிகூட இல்லாவிட்டாலும், அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ. பிறகு எழுந்து அடுத்த 15. இப்படியே ஒரு வாரம் ஓடி, மறுநாள் காலையில் உடம்பு பழிவாங்கவில்லையென்றால் ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டலாம்.

கேட்க எளிது. செய்ய இதைவிடச் சிரமமான வேலை நம் வீடுகளில் இல்லை. வலி இருக்கும்போது உட்கார்ந்தால் ‘பாவம்’ என்பார்கள். வலி இல்லாதபோது உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் நமக்குள்ளேயே ஒரு மாமியார் இருந்து சொல்வாள். முதல் பத்து நாள் அந்த அலாரம் நம்மை அவமானப்படுத்துவது போலவே இருக்கும். ‘தாளிச்சுட்டு உட்காரறேன்’ என்று தோன்றும். தாளித்தபின் ரசம், ரசத்துக்குப் பின் அப்பளம். தாளிப்பதற்கு முன்பே உட்கார்வதுதான் முறை.

உட்கார்ந்து செய்ய முடிகிற வேலைக்கு நிற்பானேன் என்பது அடுத்த கேள்வி. காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் ஆகட்டும். முழங்கால் தேய்ந்தவர்கள் அரிவாள்மணையை விட்டுவிடுங்கள். தரையில் உட்கார்வதைவிட அங்கிருந்து எழுந்திருப்பதில்தான் முழங்காலின் உயிர் போகிறது. ஆனால் நாற்காலி கிடைத்தது என்று இரண்டு மணி நேரம் அதிலேயே இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதற்கும் அலாரம்தான்.

கைக்கு ஒரு சட்டம் உண்டு. ஆக்குபேஷனல் தெரபி பிரிவில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்: சின்ன மூட்டு செய்கிற வேலையைப் பெரிய மூட்டுக்குக் கொடு. பால் பாக்கெட்டைப் பல்லாலும் நகத்தாலும் கிழிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுவது. பையை விரலில் மாட்டாமல் முழங்கையிலோ தோளிலோ போடுவது. குடத்தை இடுப்பில் வைத்த நம் பாட்டிமார் இதைப் படிக்காமலே செய்தார்கள், விரலில் தொங்குகிற பிளாஸ்டிக் வாளி வந்துதான் கெடுத்தது. பாத்திரத்தைக் காதில் பிடித்துத் தூக்காமல் அடியில் இரண்டு உள்ளங்கையும் கொடுத்துத் தூக்குங்கள், சூடு இருந்தால் தடித்த துணியோடு. துணி பிழிவதுதான் மணிக்கட்டுக்கு எமன். குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு முனையையும் சேர்த்து இழுத்தால் பாதித் தண்ணீர் போய்விடும், மீதி சொட்டட்டும். கரண்டிக் காம்பில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டினால் பிடிக்க விரலை அவ்வளவு இறுக்க வேண்டாம். வாசலுக்குக் குனிந்து கூட்டும் விளக்குமாறு வேண்டாம், நீளக் காம்பு வைத்ததே இருக்கட்டும். கோலம் மூன்று இழை போதும்.

சோறு வடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் பானையை, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டைத் திருப்பிக் கவிழ்க்கிறோம். பானையின் கனம் முழுவதும் இரண்டு மணிக்கட்டிலும், மூடியை அழுத்தும் கட்டைவிரல்களிலும் நிற்கிறது. பிடி நழுவினால் கஞ்சி காலில். பிடிப்பு தளர்ந்த கையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள். குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துவிடலாம். வடித்த சோறுதான் வேண்டும் என்றால், ஓட்டைக் கரண்டியால் சோற்றை அரித்து எடுத்துச் சல்லடைத் தட்டில் போடலாம், பானை அடுப்பிலேயே இருக்கும். அதுவும் பிடிக்கவில்லையென்றால், வடித்த சோறு கேட்கிறவர் எழுந்து வந்து வடிக்கட்டும்.

மோசமான நாளைப் பற்றியும் சொல்லாவிட்டால் இது அரைகுறை. அளவு என்பது நல்ல நாளுக்குக் கடிவாளம் மட்டுமில்லை, கெட்ட நாளுக்குத் தூண்டுகோலும்கூட. அன்றைக்கு 15 நிமிஷம் முடியாவிட்டால் ஐந்து. ஐந்து முடியாவிட்டால் வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள். முழுநாள் படுக்கை மூட்டை இன்னும் இறுக்கும், தசையைக் கரைக்கும். முன்பெல்லாம் இடுப்பு பிடித்துக்கொண்டால் பலகையில் படு என்பார்கள். பின்லாந்தில் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களில் புதிதாக இடுப்புவலி வந்தவர்களைப் பிரித்துப் பார்த்து 1995-இல் வெளியிட்டார்கள்: இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். முடக்குவாதத்தில் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் கணக்கு வேறு. அந்த மூட்டுக்கு ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். மணிக்கட்டு வீங்கினால் மணிக்கட்டுக்கு. கால் ஏன் படுத்துக்கிடக்க வேண்டும்?

ஒரு எச்சரிக்கை. அளவாகச் செய்வது என்று சொல்லிக்கொண்டே வேலையைக் குறைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வலித்துவிடுமோ என்ற பயத்தில் கோயிலுக்குப் போவதை விட்டு, கல்யாணத்துக்குப் போவதை விட்டு, கடைசியில் மாடிப்படியையும் விட்டுவிடுகிறார்கள். கடிகாரம் அதற்கல்ல. கல்யாணத்துக்குப் போங்கள், முகூர்த்தம் பார்த்துவிட்டு இரண்டாம் பந்திக்குக் காத்திராமல் வீடு திரும்புங்கள். விட்டுவிட வேண்டிய வேலை எது, பிடித்துக்கொள்ள வேண்டியது எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஃபேன் தூசி போகலாம், சாயங்காலப் பேச்சு போகக்கூடாது.

மருந்தைப் பற்றி இரண்டே சங்கதி. முடக்குவாதத்தை அளவாக வேலை செய்து நிறுத்திவிட முடியாது. மூட்டை அரிப்பதைத் தடுக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். அதில் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தவறித் தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஆகவே கிழமையைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். இன்னொன்று, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்குப் போட்ட அதே மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியாவில் அந்தப் பறவையையே அபூர்வமாக்கிவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். நாம் கழுகு இல்லை, டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நாளுக்குச் சாப்பிடலாம். நல்ல நாளை நீட்டித்துக்கொள்ள, மாதக்கணக்கில், நாமாகச் சாப்பிடுவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆகாது. முறுக்கு பிழிவதற்காக ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இனி வீட்டிலுள்ளவர்கள். நம்மை உடைக்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “நேத்து நல்லாத்தானே இருந்தே?” கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கட்டுப்போட்ட காலைப் பார்த்தால் புரிகிறது, ஒரு நாள் ஓடி மறுநாள் விழுகிற உடம்பு யாருக்கும் புரிவதில்லை. நாமே அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்துக்கொண்டால் இந்தக் கேள்வியும் குறையும். ஆனால் எல்லாப் பொறுப்பையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ளவும் நான் தயாரில்லை. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. அதே வேலையில் கைவைக்கும் ஆண்களுக்கு 97. கைவைக்காத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஐந்து மணி நேரத்தை 15 நிமிஷத் துண்டுகளாக்கினால் இருபது துண்டு வரும். இருபதையும் நாமே செய்துகொண்டு ‘பேசிங்’ பேசுவதில் அர்த்தமில்லை.

அதனால் ‘கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க’ என்று கேட்காதீர்கள். உதவி கேட்டால் மனசிருக்கும் நாளில்தான் கிடைக்கும். நான்கு வேலைகளை நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்: 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்ப்பது, சிலிண்டர் மாற்றுவது, துணி பிழிந்து காயப்போடுவது, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது. உங்களுக்கு வலி இல்லாத நாளிலும் இந்த நான்கும் அவர்களுடையவை. குறிப்பாக வலி இல்லாத நாளில்.

வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாடு இன்னும் அதிகம், அலாரம் அடித்தால் முதலாளி முறைப்பார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களின் கால்களை 2010-இல் ‘அங்காடித் தெரு’ படம் காட்டியபோது ஊரே உச்சுக்கொட்டியது. சட்டம் வர 2021 ஆயிற்று. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அந்த ஆண்டு செய்த திருத்தத்தின்படி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட்டுத்தர வேண்டும். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. இருக்கை போட்டும் உட்கார விடாத கடைகள் உண்டு. தனியாகக் கேட்டால் எடுபடாது, நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். மாற்றுத்திறனாளி என்று சலுகை கேட்கலாமா என்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மூட்டு கோணி நடமாட்டம் குறைந்திருந்தால் அதற்குச் சதவீதம் போடுவார்கள். வலிக்கு மட்டும் சதவீதம் கிடையாது. இது சரியில்லை என்பது என் எண்ணம்.

எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியாதவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டுமல்ல, வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவரிடம் “வலி குறைய என்ன செய்யணும்” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “நான் தினமும் எவ்வளவு நேரம் நிக்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எப்போ கூட்டலாம்” என்று கேட்டு, சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் காலண்டரில் குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த வாரம் அலாரம் வையுங்கள். அது அடித்து நீங்கள் உட்காரும்போது “என்ன, முடியலையா?” என்று யாராவது கேட்டால், “முடியுது, அதான் உட்கார்ந்திருக்கேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி